பியோனி பூக்க மறுக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைகள் செழித்து நிற்கின்றன, பூ மட்டும் வரவில்லை என்பதுதான், குளிர்ப் பகுதிகளில் பெரிய பூக்களுக்காக வளர்க்கப்படும் பியோனிச் செடியை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வருத்தம். நல்ல இடம் அமைந்துவிட்டால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் பூக்கக்கூடிய இச்செடி பூக்க மறுப்பதற்குப் பெரும்பாலும் நமது மிகையான அக்கறையே காரணம்: ஆழமாக நடுகிறோம், அதிகமாக உரமிடுகிறோம், பொறுக்காமல் இடம் மாற்றுகிறோம்.

இவற்றுள் முதன்மையான தவறு ஆழமாக நடுவதுதான். ஆண்டுதோறும் தரையோடு மடிந்து மீண்டும் துளிர்க்கும் பூண்டு வகைப் பியோனியின் வேர்க்கிழங்கின் தலையில், இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு கூர்முனைகள் தெரியும். இவையே கண்கள், அடுத்த பருவத்தின் தண்டும் பூவும் இவற்றிலிருந்துதான் எழும்புகின்றன. மண்ணின் மேற்பரப்பிலிருந்து இக்கண்கள் 2.5 முதல் 5 செ.மீ. ஆழத்திற்குள் இருக்க வேண்டும். குளிர்காலம் மென்மையாக உள்ள பகுதிகளில் 2.5 செ.மீ. ஆழமே போதும். சரியான அளவில் நட்டவர்களும் ஏமாறுவதுண்டு. புதிதாகத் தோண்டிய குழியின் மண் நீர் பட்டதும் அமிழ, கிழங்கும் அதனுடன் கீழிறங்கிவிடும்; எனவே குழியின் அடிமண்ணை முதலில் நன்கு அழுத்தி, நீர் ஊற்றி, அது அமிழ்ந்த பிறகே கிழங்கை வைக்க வேண்டும். ஆண்டுதோறும் செடியின் தலைமேல் மட்கு உரத்தையும் மூடாக்கையும் குவிப்பதும் கண்களை மெல்ல மெல்லப் புதைத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கட்டைத் தண்டுகளுடன் புதர்போல் வளரும் மரப்பியோனிக்கு இந்த விதி நேர்மாறானது. அது பெரும்பாலும் ஒட்டுச் செடியாகவே கிடைக்கும்; ஒட்டுப்பகுதி 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால்தான் மேல்செடி தன் சொந்த வேரை விட்டு நிலைபெறும். பூண்டு வகையை இலையுதிர்காலத்தில் தரைமட்டம் வரை வெட்டுவது சரி. அதே பழக்கத்தில் மரப்பியோனியின் கட்டைத் தண்டுகளையும் வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டின் பூக்கள் அத்துடன் போய்விடும்.

கண்களுக்குள் உறங்கும் மொட்டு விழிக்க, உறைநிலையை ஒட்டிய குளிர் பல வாரங்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்பவர்கள் செடி குளிரில் வாடிவிடுமே என்று இரக்கப்பட்டு, அதை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து வைப்பது இதனால்தான் தவறாகிறது. குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலச் சமவெளிகளில் இச்செடி ஆண்டுதோறும் பூக்கும் என்று எதிர்பார்த்துச் செலவழிப்பதை விட, வெட்டிய பூக்களை வாங்கி மகிழ்வதே நல்லது என்பது என் கருத்து.

நடுவதற்கு ஏற்ற காலம் இலையுதிர்காலம். வேர்க்கிழங்கைப் பகுத்து நடும்போது ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்க வேண்டும்; அதற்கும் சிறிய துண்டுகள் பூப்பதற்குக் கூடுதல் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். நல்ல துண்டுகூட முதல் ஆண்டில் பூக்காமல் இருக்கலாம், மூன்றாம் ஆண்டில்தான் தன் முழு உருவைக் காட்டும். இடையில் பொறுமையிழந்து செடியைப் பெயர்த்தால், அந்தக் காத்திருப்பு மறுபடியும் தொடக்கத்திலிருந்து தொடங்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலும் நல்ல வடிகாலும் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் மாற்றுவதில் நியாயம் உண்டு. தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் பெருக்கும்.

எறும்புகள் மொட்டுகளில் மொய்ப்பதைக் கண்டு பூச்சிமருந்து தெளிப்பது மிகவும் வருந்தத்தக்க தவறு. மொட்டின் புறவிதழ்களில் கசியும் இனிப்பு நீரை உண்ணவே அவை வருகின்றன. செடிக்கு அவற்றால் தீங்கில்லை. எறும்பு வந்தால்தான் மொட்டு விரியும் என்ற நம்பிக்கையும் உண்மையன்று, அவை இல்லாமலேயே பூ மலரும். அஞ்ச வேண்டியது, மொட்டுகள் பட்டாணி அளவிலேயே கருத்துக் காய்வதையும் தண்டின் அடி அழுகிச் சாய்வதையும்தான். அது பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். பாதித்த பகுதிகளை உடனே வெட்டி அகற்ற வேண்டும். இலையுதிர்காலத்தில் வெட்டும் தண்டுகளையும் இலைகளையும் மட்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். செடிகளை நெருக்கி நடுவதும் மாலையில் இலைகள் நனையும்படி நீர் ஊற்றுவதும் இந்நோயை வரவேற்பதற்குச் சமம்.

பூ முடிந்ததும் இலைகளை வெட்டித் தோட்டத்தைத் துப்புரவாக்க நினைப்பவர்களும் உண்டு. அடுத்த ஆண்டின் கண்களுக்கு உணவு சேர்ப்பவை அந்த இலைகளே. அவை பழுத்து மடியும் வரை விட்டுவைக்க வேண்டும். வாடிய பூத்தலைகளை மட்டும் கிள்ளிவிடலாம்.

வீட்டுக்குள் அழகு பார்க்க முழுதும் விரிந்த பூவை வெட்டினால் அது இரண்டொரு நாளில் உதிர்ந்துவிடும். நிறம் தெரியத் தொடங்கி, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் மொட்டே வெட்டத் தக்கது. ஒரு செடியின் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமலும், வெட்டிய பின் செடியில் நிற்கும் தண்டுப் பகுதியில் குறைந்தது இரண்டு இலைகளாவது எஞ்சும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே தேவைப்படாத மொட்டுகளைத் தண்ணீரில் வைக்காமல் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்கள் இருந்தால், அவை வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். வெளியே எடுத்ததும் தண்டின் அடிமுனையைப் புதிதாக வெட்டி வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் அவை விரியத் தொடங்கும். பூனையோ நாயோ உள்ள வீட்டில் பூச்சாடியை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், பியோனி அவற்றின் வயிற்றுக்கு ஒவ்வாது.