பழைய கார் சூடாகிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் அதன் மூடியைப் பாருங்கள்

பழைய வண்டி சூடானால் பல ஒர்க்‌ஷாப்பில் முதலில் கேட்கும் வார்த்தை, "ரேடியேட்டரை மாத்திடலாம் சார்". எங்கள் வீட்டு மாருதி 800-இல் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடைசியில் மாற்றியது மூடியை மட்டும்தான். அதைத் தேடிப் பிடித்த வரிசை இது. ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கிற வண்டிகளுக்குப் பொருந்தும்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டுத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூடியைத் திறக்கிற வேலை எல்லாம் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால்.

1. எப்போது சூடாகிறது?

டெம்பரேச்சர் முள் கிண்டி நெரிசலில் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கினால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல். ஒரே ஃபேன் உள்ள வண்டி என்றால் ஏ.சி. போட்டுப் பாருங்கள். அப்போது சுற்றி, ஏ.சி. இல்லாமல் எவ்வளவு சூடானாலும் சுற்றாவிட்டால் கோளாறு ஃபேன் சுவிட்சில் (எஞ்சின் சூடானதும் ஃபேனை ஓடவிடுவது). எதற்குமே சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று போங்கள்.

வேகமாக ஓடும்போதுதான் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு). வண்டியைக் குளிர்ச்சியாக ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஆறியே இருந்து சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது, அல்லது "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று யாரோ கழற்றிவிட்டார்கள். திரும்பப் போடுங்கள். அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

2. மூடி

எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். பழைய சிறிய கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று அடித்திருக்கும், அழுத்தத்தின் அளவு அது. குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் கிட்டத்தட்ட 118 வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் முன்னாடியே கொதித்து, மிஞ்சிய கூலன்ட் சேரும் ரிசர்வ் டப்பாவுக்குப் போய், அங்கிருந்து வழியில் எங்கோ கொட்டிவிடும். வீட்டு வாசலில் ஈரம் எப்படி இருக்கும்?

மூடிக்குள் இரண்டாவதாக ஒரு குட்டி வால்வு உண்டு. எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க வழிவிடுவது அதுதான். இரவு வண்டியை நிறுத்தியதும் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு, காலையில் இன்னொரு கோடு போடுங்கள். அளவு இறங்கியிருக்க வேண்டும். டப்பா அப்படியே நிறைந்திருக்க, ரேடியேட்டரில் குறைந்திருந்தால் மூடியை மாற்றுங்கள். காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். ரேடியேட்டரைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினாலும், மூடி மட்டும் புதிதாக, அதே எண்ணில் வாங்குங்கள்.

3. அப்புறமும் குறைந்தால்

வாட்டர் பம்ப் அடியில் காய்ந்த நிறக்கறை, முன் சீட்டுக் கால்மிதியில் ஈரம், ஆயில் மூடிக்குள் பால் நிறத்தில் பசை, ரேடியேட்டர் வாயில் நிற்காமல் வரும் குமிழி. கடைசி இரண்டில் எது இருந்தாலும் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகம், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இதையெல்லாம் தேட டார்ச்சைத் தலையில் மாட்டுகிற வகையாக வாங்குங்கள், இரண்டு கையும் வேண்டும்.

4. நிரப்புவது

போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்தே வரும் கூலன்ட்தான் என் தேர்வு. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, காற்று வெளியேற வெளியேற ஊற்றுங்கள். சிந்தியதை உடனே கழுவுங்கள். பெரும்பாலான கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் உண்டு. இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், கொஞ்சம் போனாலே செத்துவிடும்.

பிற்சேர்க்கை: புது மூடி போட்டும் டப்பாவில் அளவு இறங்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து டப்பாவுக்குப் போகும் மெல்லிய டியூபைப் பாருங்கள். முனையில் வெடித்திருந்தால் கூலன்டுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். வெடித்த முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள், நீளம் போதாவிட்டால் புது டியூப் போடுங்கள்.