உள்நுழைவதற்கு முன்பே வைஃபை: லினக்ஸ் கணினியில் அமைக்கும் முறை

பழைய மடிக்கணினி ஒன்றைக் கோப்புச் சேவையகமாக மாற்றி, திரையைத் தொடாமல் எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு மூலம் நுழையும் முறை) வழியாக மட்டுமே அதைக் கையாளுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் அடிக்கடி வரும். மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானாக இயங்கத் தொடங்கிவிடும்; ஆனால் உள்நுழைவுத் திரையில் யாராவது கடவுச்சொல்லைத் தட்டும் வரையில் வைஃபையில் இணையாது. பயனர் கணக்குகளை மையச் சேவையகத்தில் வைத்திருக்கும் கணினி ஆய்வகங்களில் இது இன்னும் மோசம்: வலையமைப்பு இருந்தால்தான் உள்நுழைய முடியும், உள்நுழைந்தால்தான் வலையமைப்பு கிடைக்கும்.

உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் வைஃபையைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், கணினி தொடங்கும்போதே இயங்கத் தொடங்கிவிடும் ஓர் அமைப்புச் சேவை. ஆகவே அதை முன்கூட்டியே தொடங்க வைப்பதற்காகத் தொடக்க நிரல்கள் எழுதுவது வீண் வேலை. அது உள்நுழைவுக்காகக் காத்திருப்பதற்குக் காரணம், வைஃபை கடவுச்சொல் அதன் கையில் இல்லை என்பதே. இணைப்பைச் சேர்த்தவரின் பெயருக்கு மட்டும் அந்த இணைப்பு உரியதாக இருக்கலாம். அல்லது கடவுச்சொல், க்னோம் மேசைச்சூழலின் கீரிங்கிலோ கேடிஇயின் கேவாலட்டிலோ பூட்டப்பட்டிருக்கலாம். இந்தப் பெட்டகங்கள் பயனரின் உள்நுழைவுக் கடவுச்சொல்லைக் கொண்டு திறப்பவை என்பதால், அவர் வரும்வரை உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. உரிமை, கடவுச்சொல்லின் இருப்பிடம் ஆகிய இரண்டையும் பயனரிடமிருந்து அமைப்புக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பெட்டியில் குறியிட்டாயிற்றே, ஏன் வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்களே அதிகம்.

க்னோமில் அமைப்புகளைத் திறந்து, வைஃபை பகுதியில் உங்கள் வலையமைப்பின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியை அழுத்துங்கள். முதல் தாவலில் 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி', 'மேக் அவைலபிள் டு அதர் யூசர்ஸ்' என்னும் இரண்டு பெட்டிகளும் குறியிடப்பட்டிருக்க வேண்டும். பிறகு பாதுகாப்புத் தாவலுக்குச் சென்று, கடவுச்சொல் கட்டத்தின் வலது ஓரத்தில் இருக்கும் சிறு படத்தை அழுத்தினால், கடவுச்சொல்லை இந்தப் பயனருக்கு மட்டும் சேமிப்பதா, எல்லாப் பயனர்களுக்கும் சேமிப்பதா, ஒவ்வொரு முறையும் கேட்பதா என்ற தெரிவுகள் வரும். பலர் கண்ணில் படாமலே போய்விடும் இந்தச் சிறு படம்தான் உண்மையான சாவி. எல்லாப் பயனர்களுக்கும் என்பதைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை மறுபடி தட்டி, மாற்றத்தைச் சேமியுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்பட்டால் கொடுங்கள்.

கேடிஇயிலும் வேலை இதுவே. இணைப்பின் பொதுத் தாவலில், எல்லாப் பயனர்களும் இந்த வலையமைப்பில் இணையலாம் என்னும் பெட்டியைக் குறியிட்டு, வைஃபை பாதுகாப்புத் தாவலில் கடவுச்சொல்லை எல்லோருக்குமாகச் சேமிக்கும்படி மாற்ற வேண்டும். அந்தத் தெரிவின் அருகிலேயே, இது மறைகுறியாக்கப்படாது என்று கேடிஇ வெளிப்படையாக எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. முனையத்தில் பழகியவர்கள், நெட்வொர்க்மேனேஜரைக் கட்டளைகளால் இயக்கும் என்எம்சிஎல்ஐ கருவியைக் கொண்டு, இணைப்பின் 'பெர்மிஷன்ஸ்' மதிப்பைக் காலியாக்கி, 'பிஎஸ்கே-ஃப்ளாக்ஸ்' மதிப்பை 0 ஆக்கிவிடலாம். அந்த மதிப்பு 1 என்றால் கடவுச்சொல் பயனரின் பெட்டகத்தில் இருக்கிறது என்றும், 2 என்றால் எங்கும் சேமிக்கப்படவில்லை என்றும் பொருள். மதிப்பை மாற்றியதாலேயே கடவுச்சொல் பெட்டகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்துவிடாது. அதையும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இதற்குக் குறுக்குவழியாகத் தானியங்கி உள்நுழைவை இயக்கச் சொல்லும் அறிவுரை அடிக்கடி காதில் விழுகிறது. அது தவறான வழி. யாரும் கடவுச்சொல் தட்டாத உள்நுழைவில் கீரிங் பூட்டியே இருக்கும் என்பதால், திரை திறந்தவுடன் கீரிங் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு சாளரம் நிற்கும். அதைத் தவிர்க்கக் கீரிங்கின் கடவுச்சொல்லை வெறுமையாக்கினால், வைஃபையோடு அதில் உள்ள மற்ற எல்லாக் கடவுச்சொற்களும் பாதுகாப்பை இழக்கின்றன. ஒரே ஒரு கடவுச்சொல்லை வெளியே எடுப்பதற்காகப் பெட்டகத்தையே திறந்துபோட வேண்டியதில்லை.

மாற்றிய பிறகு அந்தக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இதைச் செய்வது நல்லது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'ஈடிசி' அடைவில் நெட்வொர்க்மேனேஜருக்கு உரிய இடத்தில், 'சிஸ்டம்-கனெக்ஷன்ஸ்' என்னும் உள்ளடைவில், ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் உரைக்கோப்பு இருக்கும்; உபுண்டு 23.10 முதல் இவை 'ஈடிசி'யிலேயே உள்ள 'நெட்பிளான்' அடைவில் எழுதப்படுகின்றன. கோப்பு, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு மட்டுமே திறக்கும் என்றாலும், உள்ளே கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே இருக்கிறது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துகிறவர் அதைப் படித்துவிடலாம். வீட்டு வைஃபைக்கு இது பெரிய ஆபத்தில்லை. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இணையும் எண்டர்பிரைஸ் வகை வைஃபைக்கு இதைச் செய்யவே கூடாது என்பேன். அந்தக் கடவுச்சொல் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் அதேதான். போதாததற்கு, அந்தக் கணினியில் யார் அமர்ந்தாலும் வலையமைப்பின் பதிவேட்டில் உங்கள் பெயரே ஏறும். அத்தகைய இடங்களில் கணினிக்கென்று தனிச் சான்றிதழ் தரும்படி நிர்வாகியைக் கேட்பதே முறை. கிடைத்த சான்றிதழை வீட்டு அடைவில் வைக்காமல் 'ஈடிசி' அடைவுக்குள் வையுங்கள். மறைகுறியாக்கப்பட்ட வீட்டு அடைவு உள்நுழைவுக்கு முன் திறந்திருக்காது.

முழு வட்டையும் லக்ஸ் முறையில் மறைகுறியாக்கியவர்களுக்கு வட்டைக் கழற்றிப் படித்துவிடுவார்கள் என்ற கவலை குறைவு. ஆனால் அவர்களின் கணினி, வட்டைத் திறக்கும் கடவுத்தொடரைக் கேட்டு நிற்கும் கட்டத்தில் நெட்வொர்க்மேனேஜர் இன்னும் தொடங்கியிருக்காது. எவரேனும் விசைப்பலகையில் அதைத் தட்டியாக வேண்டும். இந்த அமைப்பு அந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் உதவும். ஓட்டல், விமான நிலையம் போன்ற இடங்களில் உலாவியில் ஒரு பக்கம் திறந்து ஒப்புதல் கேட்கும் வைஃபைகளுக்கும் இது பயன்படாது.

சோதிக்கும்போது கணினியை மறுதொடக்கம் செய்து, உள்நுழைவுத் திரை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். திரையின் மேல் வலது மூலையில் வைஃபை குறி தோன்றுகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து பாருங்கள். முகவரி ஒவ்வொரு முறையும் மாறினால் தேடி அலைய நேரும் என்பதால், ரௌட்டரின் அமைப்பில் இந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுவது நலம். இணையவே இல்லையென்றால், கடைசியாக அணைக்கும்போது விமானப் பயன்முறை இயக்கத்தில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்; லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி அந்த நிலையை நினைவில் வைத்திருந்து அடுத்த தொடக்கத்திலும் அப்படியே மீட்டுத்தரும்.

முதலில் இணைந்து, சிறிது நேரம் கழித்துக் கணினி மறைந்துவிட்டால் வைஃபையைக் குறைசொல்ல வேண்டாம். க்னோமின் உள்நுழைவுத் திரை தனக்கென ஒரு பயனர் கணக்கில் இயங்குகிறது. உங்கள் கணக்கில் தானியங்கி உறக்கத்தை நீங்கள் நிறுத்திவைத்திருந்தாலும் அது அந்தத் திரையைக் கட்டுப்படுத்தாது. யாரும் உள்நுழையாமல் நேரம் கடந்தால் கணினி தூங்கிப்போகும். சேவையகமாக மட்டும் பயன்படும் கணினியில், சிஸ்டம்டியைக் கையாளும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் 'மாஸ்க்' செயலால், உறக்கத்துக்குரிய 'ஸ்லீப்', 'சஸ்பெண்ட்' ஆகிய டார்கெட்டுகளை முடக்கிவிடுவது போதும். மடிக்கணினி என்றால், மூடியை மூடும்போது என்ன செய்வது என்பதை சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்டியின் அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்' வரியில் 'இக்னோர்' என்று மாற்றி வைக்கவும் வேண்டும்.