ஈயத்தின் மேலாடையை அப்படியே வழித்தெறியாதீர்கள்

வீச்சுவலைக்கு ஈயக் குண்டு வார்க்கும்போது, உருகிய ஈயத்தின் மேல் படரும் சாம்பல்நிற ஆடையை வழித்தெறியும் முன், கடலையளவு மெழுகை அதில் இட்டு, நன்கு உலர்ந்த இரும்புக் கரண்டியால் அடிவரை கிளறிவிடுங்கள். அந்த ஆடையின் பெரும்பகுதி, ஈயம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டானதே. நல்ல ஈயமும் அதனிடையே துளிதுளியாகச் சிக்கியிருக்கும். மெழுகு கருகுகையில் அதன் கரி அந்த ஒட்சிசனைக் கவர்ந்துகொள்வதால், ஈயத்தில் ஒரு பங்கு மீண்டும் சட்டிக்குள் இறங்கிவிட, கறுத்து உதிரியான தூளே மேலே எஞ்சும். வன்னிக் காட்டுத் தேனடையின் மெழுகும் இதற்கு உதவும். ஆயினும் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டு இருக்கையில் தேன்மெழுகை வீணாக்குவானேன்?

மெழுகு புகைந்து சட்டெனத் தீப்பற்றும், ஈயப்புகையும் நஞ்சு. ஆகவே திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, பிள்ளைகளை அண்டவிடாமல் இதைச் செய்ய வேண்டும். கரண்டியில் ஒரு துளி ஈரமிருந்தாலும், அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும்.

துத்தநாகம் கலந்து கூழாகத் திரண்ட ஈயத்துக்கு இம்முறை பயன்படாது. பழைய பற்றரித் தகடுகளை வீட்டில் உருக்கவே கூடாது. காணி கொத்துகையில் அகப்படும் துப்பாக்கி ரவைகளை ஈயத்துக்காக நெருப்பில் இடுவதோ, கையால் எடுப்பதோ கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.