சைடு-பை-சைடு ஃப்ரிட்ஜை அலமாரிக்குள் அடைக்காதீர்கள்

போன மாதம் மடிப்பாக்கத்தில் சித்தி மகள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கப் போனேன். சமையலறையில் ஆசாரி, ஃப்ரிட்ஜுக்கென்று பிளைவுட்டில் ஒரு கூடு அடித்துக்கொண்டிருந்தார். டேப்பை வாங்கி அளந்து பார்த்தேன். கூட்டின் அகலம் 92 செ.மீ. அவள் முன்பணம் கட்டியிருப்பது சைடு-பை-சைடு, அதாவது இடப்பக்கம் ஃப்ரீசர், வலப்பக்கம் ஃப்ரிட்ஜ் என்று இரண்டு நீளக் கதவுகள் பக்கம் பக்கமாக இருக்கும் வகை. அதன் அகலம் 91. ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டேன். "இடைவெளி தெரிஞ்சா நல்லா இருக்காதுன்னு சொன்னாங்கக்கா" என்றாள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் என் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, சைடு-பை-சைடு வாங்குகிறவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கூட்டுக்குள் அடைப்பது

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்குமே, மழைக்காலத்தில் பிள்ளைகளின் காலுறையைக்கூடக் காயப்போடுவோமே, அந்தச் சூடு வெளியேறும் வழி அதுதான். இப்போது வரும் பெரும்பாலான சைடு-பை-சைடுகளில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே ஓடுகிறது. மே மாதம் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். அது கோளாறு இல்லை. அந்தச் சூடு போக இடம் விடாமல் இருபுறமும் பிளைவுட்டை நெருக்கி அடிப்பதுதான் கோளாறு.

என் வீட்டில் முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது. ராத்திரி வைத்த பால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். ஐஸ்க்ரீம் கூழாகக் கிடக்கும். கம்ப்ரஸர் ஓயவே ஓயாது. ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். கேஸ் குறைந்துவிட்டது என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பிவிட்டுப் போனார். பதினைந்து நாளில் பழைய கதை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்ந்துபோவதில்லை. கசிவு இருந்தால்தான் குறையும். யாராவது கேஸ் நிரப்ப வேண்டும் என்றால், கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். பையைத் திறக்கக்கூட இல்லை. ஃப்ரிட்ஜுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். விரல்நுனிக்கு மேல் போகவில்லை. "மூச்சு விட வழியில்லாம நிக்குதும்மா" என்றார். இரண்டு பேரை வைத்து அரையடி வெளியே இழுத்துவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது கை சில்லிட்டது. கூட்டின் உள்பக்கம் லேமினேட் சூட்டில் உப்பி, ஓரமெல்லாம் பிரிந்து தொங்கியது.

கதவுச் சிக்கல் தனி. கூடு சுவர் மூலையில் இருந்ததால் இடப்பக்க ஃப்ரீசர் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடும். போதும் என்றுதான் நினைத்தேன். போதாது. கதவின் உட்பக்கத்தில் தட்டுகள் இருக்கின்றன, டிராயரை இழுத்தால் அவற்றில் முட்டும். பாதி இழுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவித்தான் சாமான் எடுக்க முடியும். ஒரு நாள் மீன் பொட்டலம் உருகி, அந்தத் தண்ணீர் கடைசி டிராயருக்கு அடியில் இறங்கி உறைந்துவிட்டது. டிராயரைக் கழற்ற முடிந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு அதற்கும் ஃப்ரிட்ஜையே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. டைல்ஸில் விழுந்த இரண்டு கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன.

கடைசியில் கூட்டை அறுத்து எடுத்து, பக்கத்து அலமாரியைச் சின்னதாக்க 22,000 ரூபாய் ஆனது. அந்தப் பணத்தை விட, கதவைத் திறந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று வரைந்து காட்டிய படம் கையேட்டிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். சமையலறை போட்டுத் தருகிறவர்கள் வெளிநாட்டுப் படங்களைக் காட்டுவார்கள், அலமாரியோடு அலமாரியாக ஃப்ரிட்ஜ் ஒட்டி நிற்கும். அது அதற்கென்றே செய்த வேறு வகை, முன்பக்கம் காலடியில் உள்ள சட்டம் வழியாகக் காற்று போய்வரும். நாம் கடையில் வாங்குவது தனியாக நிற்க வேண்டியது.

இரு பக்கமும் பின்பக்கமும் 5 செ.மீ., மேலே 10 செ.மீ. விடுங்கள். கையேடு அதிகம் கேட்டால் அதையே விடுங்கள். பரண் பலகையை ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார வைக்காதீர்கள். ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் பெட்டியை வரைந்து, ஒரு கயிற்றைப் பிடித்து இரண்டு கதவும் திரும்பும் வளைவையும் வரையுங்கள். கதவு திறந்திருக்க, எதிரே மேடைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

வரும் வழியை அளக்காமல் வாங்குவது

லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல், சமையலறைக் கதவு, நான்கையும் அளங்கள். பெட்டி கிட்டத்தட்ட 100 கிலோ வரும். பல வீடுகளில் சமையலறை வாசல் இரண்டரை அடிதான், ஃப்ரிட்ஜின் கதவுகளைக் கழற்றினால்தான் நுழையும். கீலுக்குள் ஒயர் போகிறது, சிலவற்றில் தண்ணீர்க் குழாயும் போகிறது. எனவே தெரிந்த ஆள்தான் கழற்ற வேண்டும்.

படுக்க வைத்து ஏற்றுவது

கூடாது. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்.

காற்று வரும் வாயை மாவு டப்பாவால் மூடுவது

பல சைடு-பை-சைடுகளில் குளிர்காற்று ஃப்ரீசரின் பின்னால்தான் உருவாகிறது. ஒரு விசிறி அதைச் சின்னக் கதவு வழியாக வலப்பக்கம் தள்ளுகிறது. அங்கே பின்சுவரில் உள்ள துவாரத்துக்கு நேராக இட்லி மாவுத் தூக்கை வைத்தால், மாவின் ஓரம் உறையும், முன் தட்டில் தயிர் புளிக்கும். துவாரத்தை ஒட்டி வைத்த மல்லிகைப்பூ கண்ணாடிபோல் விறைத்து, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும். இந்த வகையில் உள்ளே உயரம் அதிகம், அகலம் குறைவு. உருண்டைப் பாத்திரங்களை விட்டு, நீளவாக்கு டப்பாக்களுக்கு மாறியதும் எனக்கு இந்தத் தொல்லை போய்விட்டது.

கால்களைச் சரிசெய்யாமல் விடுவது

ஒரு கதவு கொஞ்சம் மேலே, ஒன்று கீழே தெரிகிறதா? முன்கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள். முன்பக்கம் ஒரு நூல் உயர்ந்திருந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அப்புறம் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பெரும்பாலும் அழுக்குதான் காரணம், சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சரியாகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வேண்டவே வேண்டாம். சுவரில் தனி பிளக் பாயிண்ட்.

கரண்ட் போனதும் திறந்து பார்ப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் வீட்டில் ஆளுக்கொரு தடவை ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டோம், உள்ளே இருந்த எதுவும் தேறவில்லை. குளிர்காற்று கனமானது. மேலிருந்து கீழ்வரை ஒரே கதவாக இருக்கும் இந்த வகையில், திறந்ததும் அது காலடி வழியாகக் கொட்டிப்போய்விடும். திறக்காமல் விட்டால் வலப்பக்கம் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

இப்போதெல்லாம் புயல் எச்சரிக்கை வந்த அன்றே தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி, ஃப்ரீசரில் காலியான இடங்களில் அடுக்கிவிடுகிறேன். கரண்ட் போனதும் ஒரே ஒரு தடவை திறந்து, உறைந்த பாட்டில் இரண்டை வலப்பக்கம் பாலுக்குப் பக்கத்தில் வைப்பேன். பிறகு மணி பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுவேன். பாலைக் கீழே கொட்டுவதா, காய்ச்சுவதா என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.