காய்கறியை மசியுங்கள், தண்ணீராக்காதீர்கள்

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதல் காய்கறி கொடுக்கும்போது மலேசியாவில் எங்கள் தாப்பா ஊர்ப் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு, பூசணியோ சக்கரவள்ளியோ எதுவானாலும் அவித்து பிளெண்டரில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைசியில் சூப்பாக்கிவிடுவது. சிலர் அதைப் பால் போத்தலில் ஊற்றி, நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தையின் வயிறு சின்னது, அதில் பாதியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சத்துக்கு எங்கே இடம்? கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதம்தான் சரி. தளர்த்த வேண்டுமென்றால் தாய்ப்பால் கொஞ்சம் சேருங்கள்.

என் மூத்தவனுக்குப் பத்து மாதம் வரை மையாக அரைத்தே ஊட்டினேன், அப்புறம் கஞ்சியில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரித்தான், அதைச் சரிசெய்யப் பல மாதம் ஆனது. இளையவளுக்கு முதல் இரண்டு வாரம் மட்டும் மை, பிறகு முள்கரண்டியால் மசித்தது, எட்டு மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன விரல் நீளத் துண்டு. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள், நசுங்கினால்தான் கொடுக்கலாம். பச்சைக் கேரட், வட்ட வட்டமாக நறுக்கிய துண்டு, முழுச் சோள மணி எதுவும் கூடாது.

ஸ்பிரிங் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஊட்டுவது இன்னொன்று. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. முகம் சிவந்து, சத்தமாக இருமினால் அது தானே வெளியே தள்ளுகிறது, விட்டுவிடுங்கள். சத்தமே வராமல், அழவும் முடியாமல் தவித்தால்தான் ஆபத்து. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் தோண்டாதீர்கள். தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் 5 முறை தட்டுங்கள், பக்கத்தில் இருப்பவரை 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

உப்பு விஷயத்தில் பாட்டிமார்களோடு பேசியே ஆக வேண்டும். ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) எத்தனை பிள்ளைகளை வளர்த்த கை அது, "உப்பில்லாமல் எப்படிம்மா இறங்கும்?" என்று பாசத்தோடுதான் கேட்கிறார்கள். நமக்குச் சப்பென்று இருப்பது பூசணி இனிப்பை முதல்முறை ருசிக்கும் நாக்குக்குச் சப்பில்லை. ஒரு வயது வரை உப்பு, கிச்சாப் (சோயா சாஸ்), சீனி வேண்டாம். நெத்திலிப் பொடியும் உப்புதான். தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குள் நரம்பையே தாக்கும்.

காய்கறி மட்டும் போதும் என்று வாரக்கணக்கில் ஓட்டுவதும் தவறு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இந்த ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது, அதனால் முள் எடுத்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன், நன்றாக வெந்த முட்டை, கோழி, பருப்பு, இவற்றையும் தொடக்கத்திலிருந்தே சேருங்கள். மசித்த கேரட்டில் அரைக் கரண்டி நெய் விட்டால் அதன் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

காலையிலேயே வேலைக்குப் போகிறவர்கள் ஒரே கிண்ணத்தில் சமைத்து மேசையில் வைத்துவிடாதீர்கள், நம் வெயிலுக்கு அது கெட்டுவிடும். ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று ஆறியதும் ஐஸ்பெட்டியில் வைத்து, ஒரே ஒரு முறை சுடவையுங்கள். எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு ருசி பழக எட்டு, பத்து முறை ஆகலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு கரண்டி வையுங்கள். வாயைத் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.