வைடால் சோதனை: ஸ்லைடில் தொடங்கி குழாயில் முடிப்பது

வைடால் என்பது டைபாய்டு காய்ச்சலைக் கண்டறிய உதவும் ரத்தச் சோதனை. சாம்பிள் எடுக்கும்போதே காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு எழுதிவிடுங்கள். டைபாய்டு கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடி முதல் வாரக் கடைசியில்தான் தலைகாட்டும். மூன்றாம் நாளில் வைடால் பார்த்து 'நெகட்டிவ்' என்று கொடுத்தால் அதை நம்பி நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுப்பதே சரி.

3 மி.லி. ரத்தத்தைப் பிளெய்ன் டியூபில் (உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாத குழாயில்) எடுத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரியுங்கள். சிவந்த சீரமும் பால்போல் கலங்கிய சீரமும் வேண்டாம். ஆன்டிஜென் (ஆன்டிபாடியோடு சேர்ந்து திரளும் கொன்ற கிருமித் திரவம்) பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டு, நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காத பாட்டிலின் மேல்துளியில் கிருமி குறைவு, அடித்துளியில் கட்டி. ஃப்ரீசரில் உறைந்துபோன பாட்டிலைக் குப்பையில் போடுங்கள்.

ஸ்லைடின் நான்கு வட்டங்களிலும் 50 மைக்ரோலிட்டர் சீரம் வையுங்கள். ஓ (டைபாய்டு கிருமியின் உடல்), ஹெச் (அதன் வால்), ஏ-ஹெச், பி-ஹெச் (பாராடைபாய்டு ஏ, பி கிருமிகளின் வால்) ஆன்டிஜென்களை வட்டத்துக்கு ஒன்றாக ஒவ்வொரு துளி விடுங்கள். தனித்தனிக் குச்சியால் கலக்கி, ஒரு நிமிடம் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நிமிடம் தாண்டினால் ஓரம் காய்ந்து மணிமணியாகத் தெரியும். பொய் பாசிட்டிவ் பல இப்படித்தான் வருகின்றன. திரண்டே ஆக வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோலும், திரளவே கூடாத சலைன் (உப்புநீர்) கன்ட்ரோலும் இல்லாத ஓட்டத்துக்கு ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

ஸ்லைடில் திரண்டால் குழாய்க்குப் போங்கள். ஒவ்வொரு ஆன்டிஜெனுக்கும் எட்டுக் குழாய். முதல் குழாயில் 1.9 மி.லி. சலைன், மற்றவற்றில் 1 மி.லி. முதல் குழாயில் 0.1 மி.லி. சீரம் சேர்த்தால் 1:20 நீர்ப்பு, அதாவது இருபதில் ஒரு பங்கு சீரம். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்ததில் கலந்து, இப்படியே ஏழாவது வரை போனால் 1:1280. அங்கே 1 மி.லி.யை வெளியே கொட்டுங்கள். எட்டாவதில் சீரமே கிடையாது, அது கன்ட்ரோல். எட்டிலும் ஒரு துளி ஆன்டிஜென் விட்டு, 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள்.

காலையில் குழாயைக் குலுக்காமல் பாருங்கள். ஓ அடியில் பாய் விரித்ததுபோல் துகளாகப் படியும். ஹெச் பஞ்சுபோல் தளர்வாகத் திரளும். கன்ட்ரோலில் நடுவில் பொத்தான்போல் படிவு இருக்க வேண்டும். திரள் கண்ணுக்குத் தெரியும் கடைசிக் குழாயின் நீர்ப்பு அளவே டைட்டர். சீரம் கெட்டியான முதல் குழாய்களில் திரளாமல் பின்னால் திரள்வதும் உண்டு. எனவே முதல் குழாயைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

பல லேப்கள் ஓ 1:80, ஹெச் 1:160 என்ற அளவை எல்லையாக வைத்திருக்கின்றன. ஆனால் டைபாய்டு சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் நல்ல உடம்புக்காரரிடமும் கொஞ்சம் டைட்டர் இருக்கும். ஹெச் மட்டும் உயர்ந்திருந்தால் பழைய தொற்றோ தடுப்பூசியோ காரணமாகலாம். மலேரியாவிலும் பொய்யாக ஏறும். ஆகவே 'பாசிட்டிவ்' என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல் நான்கு டைட்டரையும் காய்ச்சல் நாளையும் எழுதுங்கள். மிச்ச சீரத்தை உறையவைத்துக்கொள்ளுங்கள். 7 முதல் 10 நாள் கழித்து இரண்டாவது சாம்பிள் வரும்போது இரண்டையும் ஒரே பாட்டில் ஆன்டிஜெனில், ஒரே நாளில் போடுங்கள்; நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்பதை அப்போதுதான் நம்பிச் சொல்ல முடியும்.