விரைப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் கோடு போடுவது எப்படி?

நோயாளியின் மருத்துவப் பதிவைப் (சார்ட்) படித்து, நோய்க்கும் பரிசோதனைக்கும் உரிய குறியீட்டை (கோடு) பில்லுக்காகப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். அதில் ரேடியாலஜி, அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே சார்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்களில் ஒன்று விரைப்பை அல்ட்ராசவுண்ட். சென்னையில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் நம் கைக்கு வருவது அமெரிக்க சார்ட். அதனால் விதியும் அவர்களுடைய ஐ.சி.டி-10-சி.எம். (நோய்களுக்கான குறியீட்டுத் தொகுப்பு) விதிதான். ஒரு மாதிரி சார்ட்டை எடுத்துக்கொள்வோம்.

34 வயது ஆண், அவுட்பேஷன்ட் (வெளிநோயாளி). வலது விரையில் வலி என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இம்ப்ரெஷனில் (ரேடியாலஜிஸ்ட்டின் முடிவுரை) இருப்பது: வலது விரையில் 8 மி.மீ. ஹைப்போஎக்கோயிக் (ஸ்கேனில் சுற்றிலும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும்) பகுதி, என்னவென்று தெளிவாகவில்லை, நியோப்ளாசமாக (புதிதாக வளரும் கட்டி) இருக்கலாம், மறு ஸ்கேன் தேவை.

முதலில், உறுதியான நோய்ப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரோசீல் (விரையைச் சுற்றி நீர் கோப்பது) என்றிருந்தால் என்43.3, வேரிகோசீல் (விரைப்பை நரம்புகள், அதாவது சிரைகள், வீங்குவது) என்றால் ஐ86.1. வேலை சுலபம். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அடுத்தது அந்த 'இருக்கலாம்'. அவுட்பேஷன்ட்டில் 'பாசிபிள்', 'சஸ்பெக்டட்', 'கன்சிஸ்டென்ட் வித்' என்று வரும் எதற்கும் கோடு கிடையாது. ஆகவே நியோப்ளாசத்தை விட்டுவிடுங்கள். சிலர் சாமர்த்தியமாக டி40.11 (வலது விரையில் தன்மை 'அன்சர்ட்டன்' ஆன நியோப்ளாசம்) போடுவார்கள், 'அன்சர்ட்டன்' என்று பெயரிலேயே இருக்கிறதே என்று. அது தப்பு. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பெத்தாலஜிஸ்ட், தன்மையை முடிவு செய்ய முடியவில்லை என்று எழுதினால்தான் அந்தக் கோடு. ரேடியாலஜிஸ்ட்டின் சந்தேகத்துக்கு அல்ல.

சரி, மிச்சம் என்ன? ஸ்கேனில் கண்ட அசாதாரணம் மட்டும். விரையின் ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் அதற்குத்தான் ஆர்93.81 தொகுப்பு. 2018 அக்டோபர் 1 வரை ஆர்93.8 என்று வலதா இடதா என்ற பக்கம் சொல்லாத ஒரே கோடு இருந்தது. இப்போது ஆறாவது எழுத்தில் பக்கம் வருகிறது: வலது 1, இடது 2, இரண்டும் 3, சொல்லாவிட்டால் 9. நம் சார்ட்டுக்கு ஆர்93.811. வலிக்குக் காரணம் உறுதியாகாததால் வலது விரை வலிக்கான என்50.811-உம் வேண்டும். ஸ்கேனுக்கு அனுப்பிய காரணம் வலி என்பதால் அதை முதலில் வைப்பேன். ரிப்போர்ட்டில் வலது என்று தெளிவாக இருக்கும்போது 9 போட்டால், நம் கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் விடமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. 'மாஸ்' (திரட்சி) என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஐ.சி.டி-யின் இன்டெக்ஸில் (அகரவரிசைப் பட்டியல்) அந்தச் சொல்லைப் பிடித்துப் போனால், 'டிசீஸ்' என்ற தலைப்பின் கீழ் அந்த உறுப்பைப் பார்க்கச் சொல்லும். அங்கே போய்ப் பார்க்காமல் ஆர் கோடு போடாதீர்கள்.

எந்தப் பக்கம் என்பதில் ஃபைண்டிங்ஸும் (ஸ்கேனில் கண்டதன் விவரம்) இம்ப்ரெஷனும் முரண்பட்டால் டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். "வலதுதானே?" என்று கேட்கக் கூடாது, அது பதிலை நாமே ஊட்டுவது. இரண்டு வரியையும் காட்டி, எது சரி என்று கேளுங்கள்.

அப்புறம் ப்ரொசீஜர், அதாவது செய்த பரிசோதனைக்கான கோடு. ஸ்கேனுக்கு 76870. இரண்டு விரையையும் பார்த்திருந்தாலும் ஒரே தடவைதான். மெஷின் மருத்துவமனையுடையது, நாம் டாக்டரின் ரீடிங்குக்கு மட்டும் பில் போடுகிறோம் என்றால் அந்தக் கோடோடு 26 மாடிஃபையர் (டாக்டரின் பங்குக்கு மட்டும் பில் என்று காட்டும் குறி) சேருங்கள்.